அணங்கு

பம்ப் மோட்டருக்குக் கம்பி சுற்றின கூலியில்
பாதியைத்தான் காசாகத் தந்தார் எஞ்சினியர்.
மீதிக்கு ஒரு தகர டப்பி.
உள்ளே பன்னிரண்டு பூச்சி:
முயல் மயிர், மயிலிறகு நார், துளி ஈயம்.
எல்லாவற்றின் வயிற்றிலும் முள்.
“நுவரெலியா ட்ரவுட்டுக்குக் கட்டினது” என்றார்.
சம்மாந்துறையில் பனியும் இல்லை, ட்ரவுட்டும் இல்லை.
லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

பிறகு ஒருநாள்
மில்கார ஆதம்பாவாவின் எரிந்த ஃபேனைப் பிரிக்கையில்
முப்பத்தாறாம் நம்பர் செம்புக் கம்பி
விரலில் தானாகச் சுருண்டது
ஒரு வயிறு மாதிரி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து
கொண்டவட்டுவான் துருசுக்குக் கீழே போய்க்
கல் புரட்டினேன்.
சேற்று நிறம், ஆறு கால்,
மூஞ்சிக்குக் கீழே மடித்து வைத்த ஒரு கை.
தும்பியின் பிள்ளை.

“குடம்பிதானே?”
உயர்தரத்துக்குப் படிக்கிற ஸஹ்மியா
கொப்பியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.
“இல்ல வாப்பா. இது கூட்டுப்புழு ஆகாது.
இதுக்குப் பேர் அணங்கு.”

அணங்கு என்றால்
மலையில் நிற்பது, மனிசனைப் பிடிப்பது
என்றல்லவா நினைத்திருந்தேன்.
கல்லுக்கடியில் நகத்தளவில் இருக்கிறது.
பிடிக்கத்தான் செய்கிறது.

கோழியிறகில் கால் வைத்தேன்.
வைண்டிங் வார்னிஷில் தலை.
துருசடியில் மண்புழுவோடு குந்தியிருந்த குணதாச
பார்த்துவிட்டுச் சிரித்தான்:
“மீனுக்கும் ஷொக் அடிக்கப் போறியா?”

முதல் கிழமை ஒன்றும் இல்லை.
இரண்டாம் கிழமை
தங்கூசி அறுந்து ஒன்று போனது.
மூன்றாம் கிழமைதான் விளங்கியது:
இது இழுபடுகிற தூண்டில் அல்ல.
நீரோடு போகிற நூல்
கல்லும் தட்டாமல் காற்றும் படாமல்
ஒரு மூச்சுக்கு நிற்கும்.
சுருளில் எங்கோ கம்பி அறுந்திருந்தால்
மீற்றர் முள் தயங்குமே, அந்த அளவு.
அப்போது தூக்கு.

இரண்டு றாத்தல் கெண்டை.
உம்மாவிடம் போகுமுன்
ஸஹ்மியா பிளேட்டால் குடலைக் கீறினாள்.
பீங்கானில் ஏழு அணங்கு.
ஆறு சேற்று நிறம்,
ஏழாவது மினுங்கியது.
போன கிழமை அறுந்துபோன என் பொய்.
அதை விழுங்கிச் செரிக்காமலே
திரும்ப வந்து அதே பொய்யைக் கடித்திருக்கிறது.

ஆறில் ஒன்று கால் அசைத்தது.
ஜாம் போத்தலில் தண்ணீரும் ஒரு ஈர்க்கும் வைத்தாள்.
கடை மேசையில் கிடந்தது பதினேழு நாள்.

இன்று காலை ஈர்க்கில்
முதுகு பிளந்த தோல் மட்டும்.
தேடினேன்.
கட்டி முடித்துத் தூக்கி மாட்டியிருந்த
ஆதம்பாவாவின் ஃபேன் இதழில்
ஈரச் சிறகோடு ஒன்று
விறைத்து உட்கார்ந்திருந்தது.

பத்து மணிக்கு மில்காரர் வந்தார்.
“போட்டுக் காட்டுங்க, சுத்துதா பார்ப்பம்.”
கரண்ட் இல்லை என்றேன்.
அவர் தலைக்கு மேலே
பல்ப் எரிந்துகொண்டிருந்தது.