இடது தோள்

ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தவரை
ஐம்பது கெஜத்தில் அது
கோழிக்குத் தானியம் வீசுவதுபோல் இறைத்தது.
இருபத்திரண்டு அளவுத் தோட்டா, அரைத் தானியங்கி.
முயலுக்குப் போதும் என்றான் டெல்மர்.
எனக்கு முயல் வேண்டாம்.
காகிதத்தில் ஐந்து தோட்டாவுக்கு
ஒரே ஓட்டை வேண்டும்.

முதலில் விசையை மாற்றினேன்.
பழையது ஈரச் சாக்கை இழுப்பதுபோல் இழுபட்டு
தனக்குத் தோன்றியபோது வெடிக்கும்.
புதியது உறைந்த குச்சி மாதிரி
சட்டென்று முறிந்தது.
பிறகு குழல், என் கட்டைவிரலைவிடத் தடித்தது.
பிறகு கட்டை, கன்னம் சாய மேடு வைத்தது.
நான் இடதுகைக்காரி;
ஒவ்வொரு சூடான கூடும்
என் மூக்கைத் தாண்டித்தான் போகும்.
அதற்கு மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை.

மின் ரசீதின் பின்புறம் கூட்டினான் டெல்மர்:
துப்பாக்கி முந்நூறு,
அதில் மாட்டியது எழுநூற்று நாற்பது.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
அவன் டிராக்டரைப் பற்றி
நான் வாயே திறக்கவில்லை.

கழற்றியதெல்லாம் காப்பி டப்பாவில்.
குலுக்கினால் உள்ளே
இன்னொரு துப்பாக்கி இருமுகிறது.

ஹேவரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
ஞாயிறுகளில், தானியக் கிடங்குக்குப் பின்னால்
காற்று அசந்த நேரம் பார்த்துப் படுப்பேன்.
நான்கு தோட்டா ஒரே துளையில்.
ஐந்தாவது, யாரோ தட்டிவிட்டதுபோல்
இடப்பக்கம் மேலே.
ஏழு வகைத் தோட்டா வாங்கினேன்.
திருகுகளை இறுக்கினேன், தளர்த்தினேன்.
"உனக்கே புதுப் பாகம் போடணும்" என்றாள்
பக்கத்துப் பாயில் மிர்னா எர்லண்ட்சன்.

நவம்பரில் பெரிய தொலைநோக்கி வந்தது.
இருபத்துநான்கு மடங்கு.
அதில் குறுக்குக் கம்பி
கறுப்பு வட்டத்தின் மேல் துள்ளியது.
எல்லோருக்கும் துள்ளும், நாடித் துடிப்பு.
என்னுடையது
துள்ளித் துள்ளித் துள்ளி
நின்றது.

எவ்வளவு அழகாக நின்றது!
ஆணி அடித்த படம் மாதிரி.
அந்த இடைவெளிக்காகவே காத்திருந்து
அதில்தான் இத்தனை நாளும் சுட்டிருக்கிறேன்,
தெரியாமலே.
சில சமயம் தாமதமாக வந்த துடிப்பு
கதவை உதைத்துக்கொண்டு வரும்.
அதுதான் ஐந்தாவது.

மருத்துவர் கேட்டார்: என்ன தொந்தரவு?
ஐந்தாவது தோட்டா, என்றேன்.
எழுதுவதா வேண்டாமா என்று
பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.
ஒரு நாள் முழுக்க மார்பில் கம்பிகள் ஒட்டி
திரும்ப வந்தபோது
அவர் சிரிக்கவில்லை.
வழக்கமாக இடது தோளுக்குக் கீழ் வைப்போம்,
நீங்கள் எந்தத் தோளில் கட்டையை வைப்பீர்கள்?

வலப்பக்கம் வைத்தார்கள்.
தீப்பெட்டியில் பாதி இருக்கும்.
ஆறு வாரம் பேருந்து வேறொருவன் கையில்.
டெல்மர் ரசீதைத் திருப்பி
கூட்ட ஆரம்பித்து
பென்சிலை வைத்துவிட்டான்.

ஏப்ரலில் மறுபடி படுத்தேன்.
துள்ளல், துள்ளல், துள்ளல், துள்ளல்.
நிற்கவே இல்லை.
ஓடுகிற படியிலிருந்து இறங்குவதுபோல்
அசைவுக்குள்ளேயே விசையை முறிக்க வேண்டியிருந்தது.
ஐந்தும் சிதறின, கோட்டுப் பொத்தான் அகலத்துக்கு.
மிர்னா தன் கண்ணாடி வழியே பார்த்து
"மோசமாயிடுச்சே" என்றாள்.

ஆமாம் என்றேன்.
அடுத்த ஐந்தை நிரப்பினேன்.