லெப்ட் பட்டன்

பர்மா பஜாரில் எண்ணூறு ரூபாய்.
பெட்டி கிடையாது, சார்ஜர் மட்டும்.
இடது பட்டன் செத்துப்போனதைக் கடைக்காரன் சொல்லவில்லை.
திருவொற்றியூர் வந்த பிறகுதான் நானே பார்த்தேன்.

என் பைக் வலப்பக்கம் மட்டும் திரும்பும்.
ரேஸ் ஆடினால்
முதல் லெப்ட் வளைவிலேயே வேலியில் மோதிப் பறந்து
டயர் அடுக்குக்குள் தலைகீழாகச் செருகிக்கொள்வான்.
மூணு எண்ணுவதற்குள்
ஹெல்மெட் கோணாமல் எழுந்து நிற்பான்.

அப்புறம் ஸ்டண்டுக்கு மாறினேன்.
அதில் நேராகப் போனால் போதும்:
ஒரு பலகை, பிறகு வானம்,
கையை விட்டு ஒரு குட்டிக்கரணம்,
அந்தரத்தில் இன்னொன்று.

ராத்திரி பதினோரு மணியிலிருந்து
எங்கள் டிரெய்லர் எண்ணூர் நெடுஞ்சாலையில் அசையவில்லை.
முன்னால் எண்பது வண்டி.
ஜீரோ கேட்டில் கம்ப்யூட்டர் மக்கர் என்றார்கள்.
கன்னியப்பன் அண்ணன் ஸ்டியரிங்மேல் காலைப் போட்டுத் தூங்குகிறார்.
என் ஜன்னல் பக்கம் கருங்கல், அதற்கப்பால் கடல்.

கிளீனருக்கு வேலை பெரிதாக ஒன்றுமில்லை.
லெப்ட்டைப் பார்க்க வேண்டும்.
லெப்ட் காலி என்றால்
'ரைட்' என்று கத்த வேண்டும்.

விடியும்போது வரிசை நகர்ந்தது.
"டேய் லூர்து, லெப்ட்ல இன்னா?"
நான் நாலாவது கரணத்தில் இருந்தேன்.
வாய் தானாகச் சொன்னது: ரைட்.

பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம்.

தலையை நீட்டினேன்.
சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு பழைய பல்சர்,
பின்சீட்டில் கட்டிய மீன்கூடை சரிந்து
சங்கரா எல்லாம் தார்மேல்.
பையனைக் காணோம்.
ஒண்ணு.
ரெண்டு.
மூணு.
நாலு.
அஞ்சு எண்ணவில்லை, எண்ண வரவில்லை.

கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது,
பிறகு ஒற்றைச் செருப்போடு அவன்.
திட்டுவான் என்று பார்த்தேன், திட்டவில்லை.
உடைந்து கிடந்த சைடு மிரரை எடுத்து
அதில் தன் பல்லைப் பார்த்தான்,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்,
மீன் பொறுக்க உட்கார்ந்தான்.

"இன்னாடா சத்தம்?"
"மிர்ரர்ண்ணா. நம்முது இல்ல."

மடியில் திரை மினுக்கியது.
புது ரெக்கார்டாம், பேர் கேட்டது.
அதிலும் எழுத்து வலப்பக்கம்தான் ஓடும்,
தாண்டிவிட்டால் முழுச் சுற்று சுற்றி வரணும்.
அதைச் சீட்டுக்கடியில் தள்ளினேன்.

காசிமேடு தாண்டும்வரை தலை வெளியேதான்.
அண்ணன் ஒவ்வொரு தடவை கேட்டபோதும்
கல்லு, கடலு, சக்கரம், மறுபடி கல்லு
எல்லாம் பார்த்து முடித்துத்தான்
சொன்னேன்.
பின்னாலிருந்து ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.