மூடியின் உட்புறம்

நாலரைக்கே ஏறிவிட வேண்டும்.
ஏழு தாண்டினால் ஃபைபர் தொட்டி அடுப்பு.
சஜாவில் ஒரு லேபர் கேம்ப்.
நான்கு மாடி, முந்நூற்றுப் பத்து ஆள்,
ஆறு தொட்டி.

தொட்டியின் வாய் பதினெட்டு அங்குலம்.
முதலில் ஒரு தோள்,
பிறகு மூச்சை வெளியே விட்டுவிட்டு மறு தோள்.
என்னை வேலைக்கு எடுத்ததே இந்த உடம்புக்காகத்தான்.
இன்டர்வியூவில் இன்ச் டேப் வைத்து அளந்தார்கள்.

முதல் ஐந்திலும் வழக்கமானவை:
கணுக்கால் வரை சேறு,
கை வைத்தால் கோழி ஈரலாய் வழுக்கும் சுவர்.
ஆறாவதில் ஒரு புறா.
புறா என்று சொல்வது
காலெலும்பில் கிடந்த நீல வளையத்தை வைத்து.
மற்றதெல்லாம் ஏற்கெனவே
குழாய் வழியே இறங்கிவிட்டிருந்தது.

எங்கே இறங்கியது என்று எனக்குத் தெரியும்.
ஏறி வரும்போது படிக்கட்டில் பார்த்தேன்,
கக்கூஸ் வாசலில் வயிற்றைப் பிடித்தபடி
ஒன்பது பேர்.
தள்ளி உட்கார்ந்திருந்த தில்பகதூருக்கு
கண் இரண்டும் மஞ்சள்.
கிளினிக்கில் பனடால் கொடுத்தார்களாம்.
எல்லாம் வெயிலால் வருவது,
நிறையத் தண்ணீர் குடி
என்றாராம் கேம்ப் பாஸ்.

வாளி வாளியாகச் சேறு இறக்கி
குளோரின் கண்ணைப் பிழியத் தேய்த்து முடித்து
கீழே வந்தால்
சோதனைக் குப்பியை நிரப்பிக்கொண்டிருந்தார்
சூப்பர்வைசர் அன்சாஃப்,
பக்காலாவில் ஒரு திர்ஹத்துக்கு வாங்கிய
பாட்டில் தண்ணீரால்.
கெட்டவர் இல்லை.
என் தங்கை பிரசவத்துக்கு
இரண்டு மாத அட்வான்ஸ் வாங்கித் தந்தவர்.

சான்றிதழில்
கடைசிச் சுத்தம் பிப்ரவரி என்றிருந்தது,
அதற்கு முன் போன ஆகஸ்ட்.
கீழே கோடு போட்டு என் கையெழுத்துக்கு இடம்.
போட்டேன்.
அதைச் சொல்லாமல் விட்டால்
இந்தப் பக்கமும் ஒரு நல்ல சான்றிதழ்தான்.

மூடியை மாட்ட மறுபடி ஏறியபோதுதான் கண்டேன்.
உட்புறம், மார்க்கரில், பாதி அழிந்த எழுத்து.
வங்காளம்.
தண்ணி லாரிப் பையன் ஷோரிஃபுலைக் கூப்பிட்டேன்.
தலையைச் சாய்த்து வாசித்தான்:
நாலு வருசத்துக்கு முந்தைய மார்ச்.
ஆறாவது தொட்டி. மூடியில் விரிசல்.
சொல்லியாச்சு.
சொல்லியாச்சு.
இரண்டு தரமா எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.
ஆமாம் என்றான்.

அதன் கீழே தமிழில் எழுதினேன்.
தேதி.
புறா, நீல வளையம்.
கீழே ஒன்பது பேர், மஞ்சள் கண் ஒருவர்.
பிறகு கொஞ்சம் யோசித்து,
சொல்லவில்லை.

ராத்திரி எங்கள் அறையில் குழாயைத் திறந்தேன்.
பச்சைத் தண்ணியிலேயே டீ போடலாம், அந்தச் சூடு.
டம்ளரை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
தெளிவாகத்தான் இருந்தது.
அங்கேயும் தெளிவாகத்தான் இருந்தது.
எங்கள் மொட்டைமாடிக்கு நான் ஏறியதில்லை.
அது வேறு கம்பெனி கான்ட்ராக்ட்,
வேறு ஏதோ ஒல்லி உடம்பு,
வேறு மார்க்கர்.

பக்கத்தில் ஜெபஸ்டின்
அதே குழாயில் நாளைக்கான அரிசியைக் களைகிறார்.
மூணாவது தண்ணி தெளிஞ்சிடும்,
அது போதும் என்பார் எப்போதும்.
இரண்டாவதை ஊற்றிக்கொண்டிருக்கிறார்.