கடைமடை விரல்

மேசைக்குத் தலைமாடும் இல்லை, கால்மாடும் இல்லை
என்பதுதான் முதல் சிக்கல்.
சம்மாந்துறை நீர்ப்பாசன அலுவலகத்தில்
ஆறடிக் கண்ணாடி; அதற்குள் இடதுகரை வாய்க்கால்,
நாற்பத்தாறு வட்டை, பதினொரு துருசு.
வடக்கே நிற்பவருக்கு நேராயிருக்கும் எழுத்து
தெற்கே நிற்பவருக்குத் தலைகீழ்.
ஆகவே பெயர்களைச் சுழலவிட்டேன்.
யார் தொட்டாலும் அவர் பக்கம் திரும்பும்.

பிறகு கைகள்.
கண்ணாடிக்கு விரல் தெரியும், ஆள் தெரியாது.
ஃபுர்கான் போடியாரின் சட்டைக்கை
மூன்று வட்டையை இழுத்துக்கொண்டு போனது.
"என்னகா, காணி புடிக்கிறீங்களா?"
எல்லாரும் சிரித்தோம். முழுக்கப் பகிடியுமில்லை.

அன்றிரவு வரம்பு போட்டேன்:
ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சாண் அவரவர்க்கு,
நடுவில் கிடப்பது பொது.
துருசு திறக்க வேண்டுமா,
மேல்மடையில் ஒரு விரல், கடைமடையில் ஒரு விரல்,
மூன்று விநாடி, ஒரே நேரத்தில்.
எழுதி முடித்தபோது
எனக்கே என்மேல் ஒரு மதிப்பு.

சிறுபோகக் கூட்டத்தில்
விமலசிறி மேசைமேல் கவிழ்ந்து
இடக்கையை இங்கும் வலக்கையை அங்கும் நீட்டி
தனியாளாய்த் துருசைத் திறந்தார்.
நீலம் ஓடியது.
என் மூன்று வாரம், ஒரு மனிதனின் கைநீளம்.

பூபாலப்பிள்ளை மட்டும் கைகட்டி நின்றார்.
தொடுங்கள் ஐயா என்றேன்.
தொட்டார். ஒன்றுமில்லை.
அழுத்தினார். ஒன்றுமில்லை.
உரமும் வெடிப்பும் ஏறிய விரல்நுனி
கண்ணாடிக்கு வெறும் மரக்குச்சி.
"எண்ட கைக்கு எப்ப தண்ணி வந்த?" என்றார்,
கோபமில்லாமல்,
பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல.

ஃபுர்கான்தான் தன் பிளேன்ரீக் கோப்பையை
அவர் பக்கம் நகர்த்தினார்.
விரலை நனைத்தார். தொட்டார்.
கடைமடை பளிச்சென்று எரிந்தது.
தண்ணீர் கேட்கவும் முதலில்
கொஞ்சம் தண்ணீர் வேண்டுமென்று
என் குறிப்பேட்டில் எங்கும் இருக்கவில்லை.

இரவு பத்தரை. அலுவலகத்தில் நானும் காவலாளியும்.
உணர்வெல்லையை முப்பதிலிருந்து
பதினெட்டுக்கு இறக்கினேன்.
காய்ந்த விரலும் இனி விரல்.
ஆனால் கோப்பை விட்டுப்போன ஈர வளையமும் விரல்,
ஜன்னலால் இறங்கிவந்த பல்லியின்
நான்கு காலும் விரல்.
ஏழாம் துருசின் மேல்மடையில் அது நிற்கிறது,
அசையாமல், மூன்று விநாடிக்கும் கூடவே.
விரட்டவில்லை.
கடைமடைக்கு இன்னொன்று வருமா என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.