ஆலாவுக்கு ஓங்கியது

இரவு பதினொன்றே முக்கால்.
சூரியன் வடக்கே கடல்மேல்
போக மனமில்லாத விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறது.
ஷிப்டு முடிந்து நேரே வந்துவிட்டேன்.
விரலிடுக்கில் இன்னும் காட் மீன் வாடை.
சோப்புக்கு அடங்காது அது,
கையுறைக்கும்.

ஏழாவது குழி. எனக்கு ஆகாதது.
இடப்பக்கம் கடல்.
வலப்பக்கம் கூழாங்கல் திட்டு,
அங்கே ஆலாக்கள் முட்டையிட்டிருக்கின்றன.
நடுவே புல், ஒரு பாய் விரித்த அகலத்துக்கு.

"ஹால்பேரா, மறுபடி மணிக்கட்டைத் திருகுகிறாய்"
என்கிறான் கேர்முண்டூர், ஐஸ் லாரி ஓட்டுகிறவன்.
தன் பந்து இரண்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு
எனக்குச் சொல்கிறான்.
சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

பத்தொன்பது வருடமாக
இந்த வலது மணிக்கட்டுக்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.
செவுளுக்குப் பின்னால் கத்தி இறங்கும்,
முள்ளின்மேல் சாய்ந்து படுக்கும்,
வால்வரை ஒரே இழுப்பு.
தோளுக்கு வேலையில்லை.
முழங்கை விலாவோடு ஒட்டித் தூங்கும்.
ஒரு திருகு, ஒரு துண்டு,
ஒரு திருகு, ஒரு துண்டு.
இந்த விளையாட்டோ
அதைக் கடைசியாக வா என்கிறது.

முதலில் தோள் திரும்பவேண்டுமாம்.
ஐஸ் நிரம்பிய மீன்பெட்டியை
பக்கத்து மேசைக்கு நகர்த்துகிற மாதிரி
இரண்டு கையும் நெஞ்சோடு சேர்ந்து போகவேண்டும்.
இடது கை நீளமாக, ஆனால் விறைக்காமல்.
மட்டை இடுப்பை எட்டியபின்தான்
மணிக்கட்டு மடங்கலாம்.
அதுவும் திருகி அல்ல,
ஆணிக்குச் சுத்தியலைத் தூக்குவதுபோல்
கட்டைவிரல் பக்கமாக.

தெரியும்.
பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு.
ஆனால் மட்டை ஒரு சாண் நகர்வதற்குள்
என் மணிக்கட்டு
மீனைக் கண்டுவிடுகிறது.

நிழலைப் பார்க்கிறேன்.
முதுகில் சூரியன். முன்னால்
நூறடிப் பெண் ஒருத்தி புல்லில் மல்லாந்து மட்டையைத் தூக்குகிறாள்.
முழங்கை வெளியே துருத்துகிறது.
மட்டை கழுத்தைச் சுற்றித் துண்டாகத் தொங்குகிறது.
என் தப்புகளை இவ்வளவு பெரிதாக
மேற்பார்வையாளர்கூட எழுதியதில்லை.

அவள் தலை திட்டுவரை நீண்டு கிடக்கிறது.
அவள் மட்டை முட்டைகளின்மேல் உலாவுகிறது.
அதை நான் யோசிக்கவில்லை.
அவை யோசித்தன.

கருந்தொப்பி, சிவந்த அலகு,
நூறு கிராம் கோபம்.
பூமியின் இரு முனைக்கும் போய்வரும் பறவைக்கு
என் மண்டைதான் இடைஞ்சல்.
இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்,
எது உயரமோ அதைத்தான் கொத்தும்.
குழிக்கு முதுகைக் காட்டித் திரும்பி
மட்டையை ஓங்கினேன்.

"நில்! அப்படியே நில்!
நிழலைப் பார்!"

பார்த்தேன்.
இடது கை கொடிக்கயிறாக நேரே.
வலது முழங்கை தரையைப் பார்த்து மடங்கி.
மணிக்கட்டு, என் மணிக்கட்டு,
யாரும் கேளாமல், கூலி இல்லாமல்
கட்டைவிரல்மேல் மட்டையைத் தாங்கி நின்றது.
மட்டை நுனியை ஆலா
டக்கென்று கொத்திவிட்டுப் போனது.

ஓங்கிய கையை ஆலாவிடமிருந்து பிடுங்கிப்
பந்துக்குக் கொடுத்தேன்.

சத்தமே வேறு.
உள்ளங்கைக்கு எதுவும் தெரியவில்லை.
பந்து எழும்பி, வெயிலில் ஒரு கணம் ஆரஞ்சாகி,
நேராகப் போனது.
நேர் என்றால், என் கால்கள் பார்த்த நேர்.
பறவைக்குப் பயந்து அவை எப்போதோ வலப்பக்கம் திரும்பியிருந்தன.

கூழாங்கற்களில் இரண்டு துள்ளல்.
அங்கே யாரும் போகக்கூடாது, ஜூலை முடியும்வரை.

கேர்முண்டூர் பென்சிலை எடுத்து
ஓர் அடி அபராதம் எழுதினான்.
நான் தொலைநோக்கியை எடுத்தேன்.
ஓர் ஆலா என் பந்தைத் தலைசாய்த்துப் பார்த்தது,
அலகால் உருட்டி வயிற்றுக்கடியில் சேர்த்தது,
இறகைச் சிலிர்த்து
உட்கார்ந்துவிட்டது.

எட்டாவது குழிக்கு நடந்தோம்.
அங்கே ஆலாக்கள் இல்லை.
மீன்தான்.