உத்தரவாதம் மூன்று மாதம்

ஜனவரி மதியம். என்கார்னசியோனில் நாற்பத்தோரு டிகிரி.
எதிர்க்கரை அர்ஜென்டினா வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது.
எங்கள் ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி,
தொண்டையைச் செருமி,
நின்றுவிட்டது.

உள்ளே அரைக் கிடாரி மாட்டின் விலா,
ஒரு பானைப் பால்,
நாளைக்கு விற்க வேண்டிய நாற்பது ஐஸ் பைகள்.
ஜன்னலில் மகன் டெர்லிஸ் எழுதிய அட்டை:
'ஐஸ் உண்டு'.
அட்டையைத் திருப்பி வைத்தேன்.
பின்பக்கம் பிஸ்கட் விளம்பரம்.

இந்த ஊரில் வெயில் காலத்தில்
தெரெரே குடிக்காமல் யாரும் பேசுவதில்லை.
தெரெரேக்கு ஐஸ் வேண்டும்.
ஆகவே இந்தத் தெருவின் பேச்சில் பாதி
என் ஃப்ரீஸரில் உறைந்து வந்ததுதான்.

எலாதியோ மோட்டார் சைக்கிளில் வந்தான்,
முதுகில் குழந்தையைப் போல கேஸ் உருளையைக் கட்டிக்கொண்டு.
ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையைக் கம்ப்ரஸரில் வைத்து
மறுமுனையில் காதை வைத்துக் கேட்டான்.
"போச்சு" என்றான்.
மாற்றினால் கேஸோடு பத்து லட்சம் குவாரனி.
"உத்தரவாதம்?"
"மூன்று மாதம்."
"அதற்கு மேல்?"
மேலே பார்த்தான். தகரக் கூரைதான் தெரிந்தது.

கடையில் புதியது முப்பத்திரண்டு லட்சம்.
கையில் இல்லாதவர்களுக்கு
மாதம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், இருபத்துநான்கு மாதம்.
கரண்ட் பில்லின் முதுகில் பெருக்கிப் பார்த்தேன்.
ஒன்றரை ஃப்ரிட்ஜுக்குக் காசு கட்டுவேன்,
ஒன்றுதான் வீட்டுக்கு வரும்.
அரை ஃப்ரிட்ஜ் கடையிலேயே நின்றுகொண்டு
முதலாளியின் பீரைக் குளிர வைக்கும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் டைல்ஸ் ஒட்டுகிற வில்ஃப்ரிதோ
குரல் செய்தி அனுப்பினான், இரண்டு விநாடி:
"வாங்கிடு."
பின்னால் யாரோ டைல்ஸ் அறுக்கும் சத்தம்.
அவனுக்கு ஃப்ரிட்ஜ் என்றால்
ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்து
"ஒன்றும் இல்லையே" என்று மூடுகிற ஒரு கதவு.

இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்கு.
இதை இரும்புக்குப் போட்டால்
இரண்டு கிலோ சர்க்கரை வரலாம்.

அப்போது எதிர்வீட்டு சுனில்தா வந்தாள்,
இடுப்பில் நீல பிளாஸ்டிக் தொட்டியோடு.
மூன்று வருடமாக நாங்கள் பேசுவதில்லை.
பை இரண்டாயிரத்துக்கு நான் விற்கும்போது
ஆயிரத்து ஐந்நூறுக்கு விற்றவள்.
"கறியைக் கொடு, கெட்டுப்போகும்" என்றாள்.
விலாவை வாங்கித் தொட்டியில் அடுக்கிக்கொண்டே,
"ரிப்பேர் பண்ணு" என்றாள்.
"புதுசில் ஃப்ரீஸர் தீப்பெட்டி அளவு.
பத்துப் பைகூடப் பிடிக்காது."

என் கடை மூடினால் தெருவே அவளுடையது.
பிறகு ஏன் இந்தப் புத்திமதி?
கறிக்கு வாடகை கேட்பாளோ?
சாயங்காலம் வரை யோசித்தேன்.

சாயங்காலம் அவள் வாசலில் இருபது பேர்.
தெர்மாஸ்களால் கேட்டைத் தட்டுகிறார்கள்.
உள்ளே போனேன், மூன்று வருடத்தில் முதல்முறை.
அவள் ஃப்ரிட்ஜின் கதவு
சைக்கிள் ட்யூபால் இழுத்துக் கட்டியிருந்தது.
ஒவ்வொரு பைக்கும் அவிழ்த்து, எடுத்து, கட்டி,
மறுபடி அவிழ்த்து...
முழங்கை வரை ஈரமாக நிமிர்ந்தாள்.
"எல்லாரும் இங்கே வந்தால்
இதுவும் செத்துப்போகும், நில்தா.
சீக்கிரம் பண்ணு."

எலாதியோவிடம் பாதி இப்போது, பாதி பிப்ரவரியில் என்றேன்.
மீதிக்கு வட்டியாக தினம் ஒரு பை ஐஸ் கேட்டான்.
அவனுக்கும் வாய் உலரும்தானே.

ராத்திரி பதினொன்றுக்குத் தொடங்கியது சத்தம்,
முன்னைவிட மோசமாக,
கூழாங்கல் விழுங்கிய நாய் மாதிரி.
பின்பக்கம் கை வைத்தேன். சூடு.
தண்ணீர்ப் பைகளை அடுக்கினேன். அட்டையைத் திருப்பினேன்.

காலண்டரில் ஏப்ரல் பத்தொன்பதை வட்டமிட்டிருக்கிறேன்,
உத்தரவாதம் முடிகிற நாள்.
அதற்குள் தென்காற்று வந்துவிடும்.
ஊரே சுடுதண்ணீர் மாத்தேக்கு மாறிவிடும்,
ஐஸை யாரும் சீந்தமாட்டார்கள்.
சாவதென்றால் அப்போது சாகட்டும்.

இதை மட்டும்
அதன் காதில் விழாதபடி
முற்றத்துக்கு வந்து சொல்கிறேன்.