எழுபத்தோராவது துளை

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்திரண்டு.
பல்கலைக்கழக அடித்தளத்தில், ஜன்னலில்லாத அறையில்,
பதினொரு கிராம் எடையுள்ள ஒருவர்
டீ டீ டீ என்கிறார்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
யார் கேட்டதென்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

சிக்கடீ என்று இங்கே பெயர். தலையில் கறுப்புத் தொப்பி.
இது முப்பத்தொன்று. இடக்காலில் மஞ்சள் வளையம்,
அதன்மேல் பச்சை.
மரக்கட்டையில் எழுபது துளை,
துளைக்கொரு பஞ்சு.
சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாய்க் கொண்டுபோய்ச் செருகும்.
இருபத்தெட்டு நாள் கழித்து
எத்தனைக்கு நேராகப் போகிறது,
எங்கே தடுமாறுகிறது என்று
கோடு போடுவது என் வேலை.
முப்பத்தொன்று அவ்வளவாகத் தடுமாறவில்லை.
அன்றைக்கு மாலைதான் நான்
பனி மூடிய கார்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து
நான்காவதில் என் நம்பர் பிளேட்டைக் கண்டது.

பேர் வைத்துவிடாதே, எண்ணிக்கை கெடும் என்பார் ஹில்டா பென்னர்.
அவருக்குப் பொறுமை அதிகம், பட்ஜெட் குறைவு.

வியாழக்கிழமை முப்பத்தொன்றின் முறை.
படிவத்தில் அதற்கு நல்ல சொல் ஒன்று வைத்திருக்கிறார்கள்.
கொல்கிறேன் என்று தமிழில் சொல்லிக்கொண்டேன்,
அங்கே யாருக்கும் புரியாது என்பதால்.
கையுறைக்குள் துடிப்பு எண்ண முடியாத வேகம்.
பிறகு எண்ண முடிந்தது.
பிறகு எண்ண ஒன்றுமில்லை.

மூளை ஒரு கொண்டைக்கடலை.
உறையவைத்து, நாற்பது மைக்ரானில் சீவி,
ஊதாச் சாயத்தில் முக்கிக் கண்ணாடியில் ஏற்றினேன்.
ஹிப்போகாம்பஸ், ஓரமாய் ஒரு மெல்லிய பிறை.
அதில் செல்களை எண்ண வேண்டும்.

இருநூற்றுப் பதினேழில் மணிக்கட்டில் ஏதோ குத்தியது.
லேப் கோட்டின் கை மடிப்பில்,
தையல் பிரிந்த இடத்தில்,
ஒரு விதை.
ஓடு உடையாமல், கூர்முனை உள்நோக்கி.
கட்டையிலும் அப்படித்தான் செருகும்.
தண்ணீர்க் கிண்ணம் மாற்றுகையில்
கையில் வந்து ஒரு நொடி உட்கார்ந்ததே,
அப்போதா?
என்னையும் ஒரு கட்டையென்று
குறித்து வைத்துக்கொண்டதா,
திரும்பி வருவதற்கு?

தாளில் இதற்குக் கட்டம் இல்லை.
பென்னரிடம் சொல்லவும் இல்லை.
வெளியே வந்து, உரித்துத் தின்றேன். லேசான கசப்பு.

மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன்.
இந்த ஊதாப் புள்ளிகளில் ஒன்றிலோ பலவற்றிலோ
என் சட்டைக்கை இருக்கலாம்.
எதில் என்று தெரியவில்லை.
விட்ட இடமும் மறந்துபோயிருந்தது.
ஒன்று, என்றேன்.